ஆறு வாரமாக நடுமுதுகில் வலி: டிசம்பர் செக்கப் வரை பொறுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். தமிழில், கையெழுத்தில். சனிக்கிழமை காலைகளில் கோயில் வகுப்பில் பல வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வயது 62. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் ஜோகன்னஸ்பர்க்கில் குடும்பத்தோடு இருக்கிறார். நான்கு வருடத்துக்கு முன்பு இவருக்கு இடது மார்பில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். அக்குளில் இரண்டு நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருந்தது. அரசு மருத்துவமனையில் ஆபரேஷன், கீமோ, 15 தடவை கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இப்போது தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தனியாக மருந்து. ஜூன் மாதச் செக்கப்பில் எல்லாம் நன்றாக இருக்கிறது, டிசம்பரில் வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

ஆடி மாதக் கூழ் பூசையில் பெரிய பானையை இன்னொருவரோடு சேர்ந்து தூக்கி இறக்கினாராம். இரண்டு நாள் கழித்து நடுமுதுகில், பிரா கொக்கி போடுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, வலி ஆரம்பித்தது. பிடிப்பு என்று விட்டுவிட்டார். ஆறு வாரமாகியும் போகவில்லை. படுத்தால் கூடுகிறது. அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறது. இப்போது சோபாவில் சாய்ந்தபடிதான் தூக்கம். பனாடோ (பாரசிட்டமால்) மாத்திரை போடுகிறார், தாங்காத நாளில் கிராண்ட்பா என்ற வலிநிவாரணப் பவுடர். புரட்டாசி விரதத்தில் மூன்று கிலோ குறைந்திருப்பதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

வீட்டுப் பக்கத்தில் புதிதாக வந்த டாக்டரிடம் போனார். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வயசுக்கான தேய்மானம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். "எனக்குக் கேன்சர் இருந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை டாக்டர். வாய் வரைக்கும் வந்தது, சொல்ல முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்த வரியில் பேனா அழுத்தி, மை ஊறிப்போயிருக்கிறது.

அவர் கேட்பது இவை: இது திரும்பி வந்துவிட்டதா? டிசம்பர் வரை பொறுக்கலாமா? பக்கத்து வீட்டுப் பையன் கைரோபிராக்டர், முதுகைச் சரிசெய்து விடுகிறேன் என்கிறான், போகலாமா? மகனிடம் சொன்னால் தனியார் மருத்துவமனையில் தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுக்க வைப்பான், அவனுக்கே வீட்டுக் கடன் இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டுமா? கடைசியாக, தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன், எடுக்கலாமா?

அக்கா, வணக்கம். உங்களைவிட ஐந்தாறு வயது சின்னவள் நான், அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். டர்பனில் இருபது வருடத்துக்கு மேலாகக் கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: பொறுக்க வேண்டாம். டிசம்பர் வரையும் வேண்டாம், மாதக் கடைசி வரையும் வேண்டாம். இந்த வாரமே உங்களுக்குச் சிகிச்சை தந்த புற்றுநோய்ப் பிரிவுக்குச் சொல்லியாக வேண்டும்.

இப்படிச் சொல்வதால் நோய் திரும்பிவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பியிருக்கிறதா இல்லையா என்று ஒரு கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. முதுகுவலி இல்லாத ஆளே கிடையாது. புற்றுநோய் வந்து குணமானவர்களுக்கும் பானை தூக்கினால் தசை பிடிக்கும், வயதானால் எலும்பு தேயும். என்னிடம் முதுகுவலியோடு வந்து, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று தெரிந்து, காரிடாரிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் நிறையப் பேர். ஆனால் உங்கள் வலியில் நான் சும்மா விட முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை மறைக்காமல் சொல்கிறேன்.

கூழ்ப் பானையும் புரட்டாசியும்

வலி வந்ததும் அதற்கு ஒரு காரணம் தேடுவது மனித இயல்பு. பானை தூக்கினேன், குளிரில் தரையில் உட்கார்ந்தேன், மெத்தை சரியில்லை. காரணம் கிடைத்ததும் மனசு அடங்கிவிடும், அதற்குமேல் தேடாது. நீங்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தசைப்பிடிப்பு என்றால் பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சமாவது தணிந்திருக்க வேண்டும். படுத்து ஓய்வெடுத்தால் இதமாக இருக்க வேண்டும். உங்களுக்கு நேர் எதிராக நடக்கிறது. படுத்தால் கூடுகிறது, நடுராத்திரியில் எழுப்புகிறது, வாரத்துக்கு வாரம் ஏறுகிறது.

வலி இருக்கும் இடமும் முக்கியம். சாதாரண முதுகுவலி பெரும்பாலும் இடுப்பிலோ கழுத்திலோ வரும். விலா எலும்புகள் வந்து சேர்கிற நடுமுதுகு அதிகம் அசையாத பகுதி, அங்கே பிடிப்பு வருவது குறைவு. மார்பகப் புற்றுநோய் உடம்பில் வேறிடத்துக்குப் போனால் எலும்பைத்தான் அதிகம் தேடிப் போகும். எலும்பிலும் முதுகெலும்பு, அதிலும் பெரும்பாலும் இதே நடுமுதுகு.

அப்புறம் அந்த மூன்று கிலோ. புரட்டாசி பிறந்து பத்து நாள்தான் ஆகிறது அக்கா. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தது ஆவணியில் என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். விரதம் அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

இவற்றுக்கெல்லாம் புற்றுநோய் மட்டும்தான் விளக்கம் என்றில்லை. நீங்கள் சாப்பிடும் லெட்ரோசோல் உடம்பில் ஈஸ்ட்ரோஜனைக் குறைத்து நோயைத் தடுக்கிறது. அதே வேலையால் எலும்பையும் மெலிய வைக்கிறது. மெலிந்த முதுகெலும்பு ஒரு பாரம் தூக்கினால்கூட அமுங்கி நொறுங்கிவிடும். அப்படி ஆகியிருந்தால் உங்கள் கூழ்ப் பானைக் கதை முழுக்கச் சரி, ஆனாலும் வைத்தியம் தேவை. இன்னொன்று காசநோய். இந்த நாட்டில் அதை மறந்துவிட்டு யாரும் முதுகெலும்பைப் பார்க்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். நுரையீரலில் இருமல்கூட இல்லாமல் நேரே முதுகெலும்பைப் பிடிக்கும். மெதுவாக ஏறும் வலி, எடைக் குறைவு, ராத்திரி வேர்வை. ஸ்கேனில் சில நேரம் புற்றுநோய் மாதிரியே தெரியும். மாத்திரையால் குணமாகக்கூடியது, அரசு கிளினிக்கில் இலவசம். அதனால்தான் வெறும் ஊகத்தில் பயந்து கிடக்காமல் இன்னது என்று தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

எக்ஸ்ரே நன்றாக இருந்ததே, ரத்தமும் சரியாக இருந்ததே?

எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று சொன்ன டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். 62 வயதில் யார் முதுகைப் படம் எடுத்தாலும் தேய்மானம் தெரியும். முந்தைய கதை அவருக்குத் தெரியாது, நீங்கள் சொல்லவில்லை. ஒரு எலும்பில் 30 முதல் 50 சதவீதம் வரை தாதுச்சத்து கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும். ஆகவே உங்கள் நிலைமையில் இருப்பவருக்கு எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பது பாதிப் பதில்தான்.

ஜூன் மாத ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். புற்றுநோய்க்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது சரியாக வந்தால் உடம்பில் ஒன்றுமில்லை என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அந்தப் பரிசோதனையில் பார்க்கும் மார்க்கர் நோய் இருக்கும்போதே இயல்பாக வரலாம், நோய் இல்லாதபோது ஏறியும் வரலாம். ஜூனில் எடுத்த ரத்தம் ஆகஸ்டில் வந்த வலியைப் பற்றி என்ன சொல்லும்?

"வருடா வருடம் ஸ்கேன் எடுத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது, அரசு மருத்துவமனை என்பதால் எடுக்கவில்லை" என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியில்லை அக்கா. 1994-இல் இத்தாலியில் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வெளிவந்தது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பெண்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேல். ஒரு பாதிப் பேருக்குத் தொந்தரவு எதுவும் இல்லாமலே அடிக்கடி ஸ்கேன்கள் எடுத்தார்கள், மறு பாதிக்கு எடுக்கவில்லை. ஆயுளில் வித்தியாசம் வரவில்லை. அதனால்தான் பணக்கார நாடுகளில்கூடத் தொந்தரவு இல்லாதவர்களுக்கு வழக்கமாக ஸ்கேன் எடுப்பதில்லை. இந்த ஏற்பாடு ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: புதிதாக ஏதாவது வந்தால் நோயாளி வாய் திறந்து சொல்வார் என்பது. உங்களிடம் டிசம்பரில் வாருங்கள் என்றவர்கள், நடுவில் ஏதாவது என்றால் உடனே வாருங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் அது எங்கள் தரப்புத் தவறு.

"நான்கு வருடம் தாண்டிவிட்டது, ஐந்து தாண்டினால் பயமில்லை" என்பதையும் திருத்த வேண்டியிருக்கிறது. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை மார்பகப் புற்றுநோய் நிதானமானது. பத்து, பதினைந்து வருடம் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு. ஐந்து வருடம் ஒரு நல்ல மைல்கல், ஆனால் அங்கே கதவு போட்டு யாரும் பூட்டவில்லை. லெட்ரோசோலைச் சிலருக்கு ஐந்து வருடத்துக்கு மேலும் நாங்கள் தொடர்வதற்குக் காரணம் இதுதான். இதை வாசித்துவிட்டு அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அதே நாளில் கிளம்ப வேண்டிய நிலைமை

முதுகெலும்புக்கு உள்ளே தண்டுவடம் போகிறது. கால், சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லாவற்றுக்கும் கட்டளை அந்த வழியாகத்தான் இறங்குகிறது. எலும்பில் இருக்கும் கட்டியோ நொறுங்கிய எலும்போ காசநோய்ச் சீழோ அதை நெருக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கீழே சொல்லும் எதுவாவது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்:

காலில் பலம் குறைவது, படி ஏறும்போது கால் மடங்குவது, நடை தள்ளாடுவது. காலிலோ வயிற்றுக்குக் கீழேயோ மரத்துப்போவது, கூச்சம். உட்காரும் இடத்தில் உணர்ச்சி மங்குவது. சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது தெரியாமல் போய்விடுவது. மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது. முதுகிலிருந்து நெஞ்சைச் சுற்றிக் கச்சை கட்டியது போல இறுக்கமான வலி, இருமினாலோ முக்கினாலோ பாய்கிற வலி.

இவற்றில் ஒன்று வந்தால் ஆர்.கே. கான் மருத்துவமனையோ எது பக்கமோ, அதன் அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள். வண்டி இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 27-வது பிரிவு அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. அரசு, தனியார் இரண்டுக்கும் அது பொருந்தும்.

நான் இதில் இவ்வளவு பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. சிகிச்சை ஆரம்பிக்கும்போது நடந்து வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிறகும் நடக்கிறார்கள். கால் முழுவதும் விழுந்த பிறகு வந்தவர்களில் சிலரே மறுபடி எழுந்து நிற்கிறார்கள். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரப்பட்ட ஒரு அம்மாவிடம் எத்தனை நாளாக வலி என்று கேட்டேன். மூன்று மாதம் என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன் என்றார். கல்யாணத்தில் அவர் உட்கார்ந்தேதான் இருந்தாராம். வருடங்கள் ஆகியும் அந்த அம்மாவின் கால்விரல்கள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. தண்டுவடம் நெருக்கப்பட்டுக் கால் விழுந்தவர்களில் அநேகமாக எல்லாருக்கும் அதற்கு முன்னால் பல வாரம் முதுகுவலி இருந்திருக்கும். நீங்கள் இப்போது அந்த வலி மட்டும் இருக்கிற கட்டத்தில் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கால் நன்றாக இருக்கிறது, கோயில் படி ஏறுகிறேன் என்கிறீர்கள். அதனால்தான் இந்த வாரம் என்கிறேன்.

மருத்துவமனையில் என்ன சொல்ல வேண்டும்

உங்கள் அப்பாயின்ட்மென்ட் அட்டையில் இருக்கும் கிளினிக் எண்ணுக்குப் பேசுங்கள். எடுக்கவில்லையென்றால் கிளினிக் நடக்கும் நாளில் அட்டையோடு நேரில் போய்விடுங்கள். இரண்டுமே முடியாவிட்டால் அந்தப் புது டாக்டரிடம் திரும்பப் போய், விட்ட வார்த்தையைச் சொல்லி, அவசரம் என்று குறிப்பிட்ட ரெஃபரல் கடிதம் வாங்குங்கள். அவர் கோபிக்க மாட்டார். நானாக இருந்தால் நிம்மதிதான் அடைவேன்.

வரிசை நீளம் என்பது எனக்குத் தெரியும். 2017-இல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் புற்றுநோயாளிகளின் உரிமை மீறப்படுகிறது என்று அறிக்கை கொடுத்தது. இயந்திரங்கள் பழுது, மருத்துவர்கள் இல்லை என்ற அந்த நாட்களின் பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. "போனால் மட்டும் பார்க்கப் போகிறார்களா" என்று நீங்கள் எழுதியதும் அதனால்தான். ஆனால் யாரை முதலில் பார்ப்பது என்பதை முதல் மேசையில் இருப்பவர் நீங்கள் சொல்லும் வார்த்தையை வைத்தே முடிவு செய்கிறார். முதுகு வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் நாற்பது பேரில் ஒருவர். இப்படிச் சொல்லுங்கள், ஒரு தாளில் எழுதியே கொடுங்கள்: "எனக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. இன்ன வருடம் சிகிச்சை முடிந்தது. ஆறு வாரமாக நடுமுதுகில் புதிய வலி. ராத்திரியும் படுத்தாலும் கூடுகிறது. எடை குறைந்திருக்கிறது." அதன் கீழே உங்கள் மாத்திரைகளின் பெயர்கள். பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள்.

அவர்கள் முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள், கால் பலத்தையும் உணர்ச்சியையும் சோதிப்பார்கள். ரத்தத்தில் கால்சியம் பார்ப்பார்கள். எலும்பு கரைந்தால் அது ஏறும், அதனால் தாகமும் மலச்சிக்கலும் வரும். உங்களுக்குச் சரியான படம் முழு முதுகெலும்புக்கான எம்.ஆர்.ஐ. அதில் கதிர்வீச்சே கிடையாது, காந்தம்தான். "ஸ்கேன் எடுத்தால் அடங்கிக் கிடப்பதைக் கிளறிவிடும்" என்ற பயம் வேண்டாம். குழாய்க்குள் படுப்பது சிலருக்கு மூச்சு முட்டும், படுத்தால் உங்களுக்கு வலியும் கூடும். முன்கூட்டிச் சொன்னால் வலி மருந்து கொடுத்தே படுக்க வைப்பார்கள். மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வருடக்கணக்கில் போட்டிருந்தால் அங்கே போய்க் கழற்றுவது பெரும்பாடு.

படத்தில் ஏதாவது தெரிந்தால் ஊசி வழியாக எலும்பில் ஒரு துளி எடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். ஊசி பட்டால் பரவும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காசநோயா, புற்றுநோயா, புற்றுநோய் என்றால் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை அந்தத் துளிதான் சொல்லும். டாக்டர் சொல்வது புரியவில்லையென்றால் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், முடிந்தவரை நோயாளிக்குப் புரிகிற மொழியிலேயே அவருடைய நிலைமையை விளக்க வேண்டும் என்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

தனியாரில் தலை முதல் கால் வரை ஸ்கேன் என்று மகன் கடன் வாங்கத் தேவையில்லை. சாசா என்ற அரசு அமைப்பு தரும் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் நீங்கள், அரசு மருத்துவமனையில் உங்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒருவேளை எம்.ஆர்.ஐ.க்கு மாதக்கணக்கில் தேதி கொடுத்தால், அந்த ஒரு ஸ்கேனை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு சிகிச்சைக்கு உங்கள் மருத்துவமனைக்கே திரும்புவது பற்றி அப்போது மகனோடு யோசிக்கலாம். மெடிக்கல் எய்டு என்ற தனியார் மருத்துவக் காப்புத் திட்டம் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: மருத்துவ அவசர நிலைக்கு எந்தத் திட்டமாக இருந்தாலும் பணம் கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். கால் பலமிழக்கும்போது முன்அனுமதிக்காக வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

அதுவரை செய்யக் கூடாதவை

பக்கத்து வீட்டுப் பையன் நல்ல மனசோடுதான் சொல்கிறான். படம் எடுத்து எலும்பு உறுதியாக இருக்கிறது என்று தெரியும் வரை உங்கள் முதுகை யாரும் முறுக்கவோ அமுக்கவோ கூடாது. எண்ணெய் போட்டு மிதிப்பதும் வேண்டாம். கேன்சர் விஷயத்தை அவனிடம் சொன்னால் அவனே கையை வைக்க மாட்டான், படித்த பையன். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுங்கள்.

பனாடோ 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு தடவைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு மொத்தம் எட்டைத் தாண்டக் கூடாது. கிராண்ட்பா பவுடரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறீர்கள். அதிலும் பனாடோவில் இருக்கும் பாரசிட்டமால் இருக்கிறது, கூடவே ஆஸ்பிரினும் காஃபினும். மூன்று மணிக்கு வலியில் எழுந்து காஃபின் குடித்தால் அப்புறம் தூக்கம் எங்கே வரும்? பிரஷர் மாத்திரையோடும் சர்க்கரையோடும் ஆஸ்பிரின், புரூஃபென் வகைகளைத் தினம் சேர்ப்பது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு. பவுடரை நிறுத்திவிடுங்கள். பனாடோ தாங்கவில்லையென்றால் கிளினிக்கில் கேளுங்கள், பலமான மருந்து இருக்கிறது. வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை.

திரும்பித்தான் வந்திருந்தால்?

"வந்திருந்தால் எல்லாம் முடிந்தது, தெரிந்து என்ன செய்ய" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை அதிகம் வருத்திய இடம் இதுதான். எலும்புக்கு வந்த மார்பகப் புற்றுநோயை முழுக்க வேரறுப்பது பெரும்பாலும் நடக்காது, அதை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனால் முடிந்தது என்பது பொய். ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை எலும்போடு மட்டும் நின்றிருந்தால், மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து வருடக்கணக்கில் அடக்கி வைக்க முடிகிறது. வலிக்கும் எலும்புக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்குச் சில வாரத்தில் வலி நன்றாகக் குறைகிறது. அந்த விஷயத்தில் ஐந்து, பத்துத் தடவை கொடுப்பதற்கு அது குறைந்ததில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எலும்பைப் பலப்படுத்த சோலெட்ரோனிக் ஆசிட் என்ற ஊசி இருக்கிறது. என் கிளினிக்குக்கு இப்படி வருகிறவர்கள் சமைக்கிறார்கள், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார்கள், வரிசையில் நிற்க நேரமில்லை என்று என்னிடம் கோபிக்கிறார்கள். நோய் இருந்து தெரியாமல் இருப்பதில்தான் கால் போகிற ஆபத்து. தெரிந்தால் அதைத் தடுக்க வழியிருக்கிறது.

மகனிடம் சொல்லியே ஆக வேண்டுமா? கட்டாயம் இல்லை, உங்கள் உடம்பு, உங்கள் ரகசியம், எந்த மருத்துவரும் உங்கள் அனுமதியில்லாமல் அவரிடம் சொல்ல மாட்டார். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு சோபாவில் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்களே, அதை யாராவது ஒருவர் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். திடீரென்று கால் மடங்கினால் கதவைத் திறக்கவாவது ஆள் வேண்டும். தங்கையிடம் மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேன் முடியும் வரை அவரை உங்கள் வீட்டில் படுக்கச் சொல்லுங்கள், கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். இரண்டு பேர் காதில் விழுந்தால் டாக்டர் சொன்னதில் பாதியாவது நினைவிருக்கும். மகனிடம் "வலி இருக்கிறது, பார்க்கப் போகிறேன், முடிவு வந்ததும் சொல்கிறேன்" என்று இப்போதே சொல்லி வைக்கலாம். பாதி செய்தியோடு அவர் விமானம் ஏறி வந்துவிடுவார் என்று பயந்தால், தேதி கிடைத்த பிறகு சொல்லுங்கள். பேசி அழ வெளி ஆள்தான் வசதி என்றால் கான்சா என்ற புற்றுநோய்ச் சங்கத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகக் காவடி. தைப்பூசத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. முதுகெலும்பு உறுதியாக இருக்கிறது என்று படம் சொன்னால் நானே வந்து உங்களோடு நடக்கிறேன். எலும்பு மெலிந்தோ நொறுங்கியோ இருந்தால் தோளில் பாரம் கூடாது, ஒரு சின்னச் செம்பில் பால் எடுத்துப் போங்கள். பூசாரியிடம் கேளுங்கள், அவரும் இதைத்தான் சொல்வார். எது செய்யலாம் என்பதை ஸ்கேன் ரிப்போர்ட் வந்த பிறகு முடிவு செய்வோம். ரிப்போர்ட்டின் நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அதற்கு முன், நாளைக் காலையில் அட்டையை எடுத்து அந்த எண்ணுக்குப் பேசிவிடுங்கள் அக்கா.